200 ஜிஎஸ்எம் தார்ப்பாய்: ஓட்டு வீட்டுக்காரன் மதிப்பீடு

2018 நவம்பர் 16 விடியக்காலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கஜா புயல் கரையேறினப்ப, எங்க பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை மட்டுமா போச்சு? கூரையும் போச்சு. அதுலேர்ந்து ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி வீட்டுல நல்ல தார்ப்பாய் ஒண்ணு இருந்தாகணும்னு அம்மா உத்தரவு.

இந்தத் தடவை வாங்கினது 18க்கு 24 அடி. ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்ங்கிறதுதான். இந்த அளவுக்குக் கிட்டத்தட்ட 8 கிலோ வரணும். "தராசுல போடுங்கண்ணே"ன்னேன். கடைக்காரர் முகம் சுளிக்காம போட்டார், எடை சரியா நின்னுச்சு. 200னு அச்சடிச்சு 120ஐத் தலையில கட்டுறவங்களும் இருக்காங்க, அதனால எடை போடாம வாங்காதீங்க.

துணி அருமை. அடைமழையிலயும் ஒரு சொட்டு இறங்கலை. கயிறு கட்டுற ஓரத்து வளையம்தான் மட்டம். காத்து ஒரு இழுப்பு இழுத்ததும் மூலையில பிச்சுக்கிச்சு. அந்த எடத்துல ஒரு கூழாங்கல்லை உள்ள வச்சுத் துணியைச் சுருட்டி, அந்தக் கல்லு முண்டுக்குக் கீழ கயித்தைப் போட்டு இறுக்கினேன். வளையத்தைவிட அதுதான் நிக்குது. கயித்தை ஓட்டுல கட்டாதீங்க, ஓட்டைத் தாங்குற கைமரத்துல கட்டுங்க. கயித்துக்கு நடுவுல ஒரு துண்டு சைக்கிள் டியூப் சேர்த்தா காத்துக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

மழை விட்டதும் காயவச்சு மடிச்சு வைக்கணும், வெயில்ல கிடந்தா நொறுங்கிடும். எலி கண்ணுல படாம வைக்கிறது உங்க சாமர்த்தியம்.

அஞ்சுக்கு நாலு. வளையத்துக்காக ஒண்ணு கட்.