க்ரீன் டீ கேப்சூல்: டப்பாவில் அச்சிடாத விஷயங்கள்

பெங்களூரில் சப்ளிமென்ட் கடையானாலும் சரி, அல்சூர் தெருமுனை மெடிக்கல் ஷாப்பானாலும் சரி, க்ரீன் டீ கேப்சூல் டப்பாக்களைக் கண்ணில் படுகிற தட்டில்தான் அடுக்கி வைக்கிறார்கள். பிராண்டுகள் வேறு, லேபிள் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 60 கேப்சூல், ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் சாறு, தினம் இரண்டு, 'உணவுக்கு அரை மணி நேரம் முன்'. இந்த ரகத்துக்கான விமர்சனம் இது.

முதலில் கணக்கு. 500 மில்லிகிராம் என்பது மொத்தச் சாறு. அதில் முக்கியமாக வேலை செய்வதும் வம்பு செய்வதும் இஜிசிஜி என்ற பொருள்; தேயிலையில் இயற்கையாக உள்ள பாலிஃபீனால் என்ற வேதிப்பொருள் வகையில் ஒன்று. லேபிளில் 'இஜிசிஜி 45%' என்றிருந்தால் ஒரு கேப்சூலில் 225, நாளுக்கு 450 மில்லிகிராம். ஒரு கப் டீயில் சுமார் 50 முதல் 100 வரைதான் இறங்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது, சப்ளிமென்டாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம்கள் ரத்தத்தில் ஏறுகின்றன என்று. 'டபுள் ஸ்ட்ரென்த்' என்று விற்கிற 1000 மில்லிகிராம் மாத்திரையில் பாதி இஜிசிஜி என்றால், தினம் இரண்டு போட்டாலே அந்தக் கோட்டைத் தாண்டியாயிற்று. பல டப்பாக்களில் 'பாலிஃபீனால் 90%' என்று மட்டும் இருக்கும், இஜிசிஜி எவ்வளவு என்று இருக்காது. அப்படிப்பட்டதைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

அடுத்தது அந்த 'உணவுக்கு முன்'. இந்த ரகத்தின் மிகப் பெரிய குறையே இந்த வரிதான். வெறும் வயிற்றில் விழுங்கினால் ரத்தத்தில் இஜிசிஜியின் உச்ச அளவு, சாப்பாட்டோடு எடுப்பதைவிட மூன்று மடங்குக்கும் மேல் போகிறது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022 விதி, வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே எச்சரிக்கச் சொல்கிறது. இங்கே அதற்கு நேர்மாறாக அச்சிட்டு விற்கிறார்கள். இஜிசிஜி அதிகமுள்ள எக்ஸோலீஸ் என்ற எடைக்குறைப்பு கேப்சூலை, கல்லீரல் பாதிப்புகள் வந்ததால் 2003-லேயே பிரான்சிலும் ஸ்பெயினிலும் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விஷயம் புதிதல்ல.

இனி மாத்திரைகள். விடிந்ததும் தைராய்டு மாத்திரை, கையோடு இந்த கேப்சூல், ஏரியைச் சுற்றி நடை, வந்ததும் ஃபில்டர் காபி என்று போகிறது பலருடைய காலை. தைராய்டு மாத்திரை தண்ணீரோடு தனியாகத்தான் போக வேண்டும். காபிக்கே முக்கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும். கேப்சூல் வேண்டும்தான் என்றால் மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையோடு நடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கேப்சூலைப் பிரித்துக் கொட்டி, பொடித்த ஃபெரஸ் சல்பேட் மாத்திரையைப் போட்டுக் கலக்குங்கள். பழுப்பு மஞ்சளாக இருந்த தண்ணீர் மை போலக் கறுக்கும். பாலிஃபீனால் இரும்பைப் பிடித்துக்கொண்டதன் நிறம் அது. குடலிலும் அப்படிப் பிடித்துக்கொள்வதால் இரும்பு ரத்தத்தில் சேர்வது குறைகிறது. இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். ஹீமோகுளோபின் ஏற்கெனவே குறைவு என்றால் கேப்சூலையே விட்டுவிடுங்கள்.

கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். க்ரீன் டீ சாற்றோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் அந்த மருந்து ரத்தத்தில் ஏறும் அளவு ஏறக்குறைய கால்வாசி குறைந்தது. ரோசுவாஸ்டாட்டினிலும் இறங்குமுகம்தான், ஐந்தில் ஒரு பங்கு. நாடோலோல் என்ற பிபி மருந்தில் நிலைமை இன்னும் மோசம்: தினம் 700 மில்லி க்ரீன் டீ குடித்தவர்களிடம் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு 85% சரிந்தது. குடல்சுவரில் மருந்தை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதங்களை டீ அடைத்துவிடுவதுதான் காரணம் என்கிறார்கள். பிபி ஏறிக்கொண்டே இருந்தால் டாக்டர் டோஸைக் கூட்டுவார். கேப்சூல் சமாசாரத்தை அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ எடுப்பவர்களுக்கு வைட்டமின் கே கணக்கு முக்கியம்; அது அந்த மருந்துகளின் வேலையைக் குறைத்துவிடும். தினம் லிட்டர் கணக்கில் க்ரீன் டீ குடித்த ஒருவருக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு; இறங்கினால் மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள்) 3.79-லிருந்து 1.37-க்கு இறங்கியது மருத்துவ இதழில் பதிவானது. வடிகட்டிய டீயில் வைட்டமின் கே கொஞ்சம்தான்; இலையை அப்படியே அரைத்த பொடியிலும், மாட்சா என்ற ஜப்பானியத் தேயிலைப் பொடியிலும் நிறைய. டப்பாவில் இருப்பது சாறா, இலைப்பொடியா என்று பாருங்கள். மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு போர்டெசோமிப் ஊசி போடுகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்: இஜிசிஜி அந்த மருந்தின் போரான் பகுதியோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்வதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எடுக்கும் நாட்களில், க்ரீன் டீயில் உள்ள கஃபீன் உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாது. படபடப்பு, தூக்கமின்மை வந்தால் அதைச் சந்தேகியுங்கள். காசநோய் மருந்து, மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்குக் கல்லீரலை ஏற்கெனவே கண்காணிக்க வேண்டியிருக்கிறது. மேலே இதுவும் சேர்ந்தால், என்சைம் ஏறியது எதனால் என்று பிரித்தறியவே முடியாது.

சரி, இத்தனைக்கும் பலன் என்ன? பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2012 தொகுப்பாய்வின்படி எடை குறைவது அற்பம், பொருட்படுத்தும் அளவில் இல்லை. நம் நாட்டு விதிப்படி பக்க விளைவுகளையும் மருந்துகளோடான மோதலையும் லேபிளில் எழுத வேண்டும். இந்த ரகத்தில் பெரும்பாலும் 'டாக்டரைக் கேட்கவும்' என்று பொடி எழுத்தில் ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள்.

ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும், வேறு மாத்திரை எதுவும் எடுக்காத, கல்லீரல் நலமாக உள்ளவர்களுக்கு மட்டும், அதுவும் சாப்பாட்டோடு. தினசரி மாத்திரை உள்ளவர்களுக்குப் பூஜ்யம். அவர்கள் சாதாரண க்ரீன் டீயை ஒன்றிரண்டு கப், மாத்திரை நேரத்துக்குத் தள்ளிக் குடிக்கலாம். நாடோலோல் எடுப்பவர்கள் அதற்கும் டாக்டரைக் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்து, சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ, வலது விலாவுக்குக் கீழ் வலித்தாலோ, காரணமில்லாமல் அரித்தாலோ, கண் மஞ்சளானாலோ அன்றே நிறுத்திவிட்டு எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை பாருங்கள். பெரும்பாலும் ஆரம்பித்து ஓரிரு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் தெரியவரும். டாக்டரிடம் போகும்போது டப்பாவையே கொண்டுபோங்கள், பாட்ச் எண் அதில்தான் இருக்கிறது. மருந்து எதிர்விளைவுகளைப் பதிவு செய்யும் கட்டணமில்லா எண் 1800-180-3024.