மெனுல தேடுறதா, ரன் பெட்டில டைப் பண்றதா?

போன வாரம் கரோல் பாக்ல ஒரு அக்கவுண்ட்ஸ் ஆபீசுக்கு போயிருந்தேன், நெட் வரல, ஐபி, அதாவது நெட்வொர்க்ல அந்த மெஷினோட அட்ரஸ், மாத்தி குடுக்கணும், அவ்ளோதான் வேலை. சிஸ்டத்த ஆன் பண்ணா விண்டோஸ் முழுக்க ஹிந்தில இருக்கு. டெல்லி வந்து எட்டு வருஷமாச்சு, ஹிந்தி நல்லா பேசுவேன், பஸ் போர்டு படிப்பேன், ஆனா செட்டிங்ஸ்ல வர சுத்த ஹிந்தி வார்த்தைங்க அந்த ஆபீஸ்காரங்களுக்கே பாதி புரியல. மெனு வழியா போயிருந்தா ஒவ்வொரு வரியையும் அவங்கள வாசிக்க சொல்லி கேட்டுட்டு நின்னிருப்பேன். விண்டோஸ் கீயோட ஆர் அமுக்கினேன், கீழ இடது பக்கம் ரன்னு ஒரு சின்ன பெட்டி வந்துச்சு, அதுல என்சிபிஏ டாட் சிபிஎல்னு (ncpa.cpl) அடிச்சு என்டர் தட்டினேன், லேன், வைஃபைனு நெட் கனெக்ஷன் எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. மெனு ஹிந்தியா இருந்தாலும் கன்னடமா இருந்தாலும் தமிழா இருந்தாலும் இந்த பேரு மாறாது. கீபோர்டும் ஹிந்தில இருந்தா மட்டும் பெட்டில ஹிந்தி எழுத்து விழும், விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேத்து தட்டி இங்கிலீஷுக்கு வந்துடணும்.

அதே இடத்துக்கு மெனு வழியா போறத பாருங்க. விண்டோஸ் 7ல கண்ட்ரோல் பேனல் போயி, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அப்புறம் ஷேரிங் சென்டர், அதுல இடது பக்கம் சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ். 2012ல விண்டோஸ் 8 வந்தப்போ தனியா செட்டிங்ஸ்னு ஒண்ண ஆரம்பிச்சாங்க, அதுலேர்ந்து கண்ட்ரோல் பேனல்ல இருந்தது ஒவ்வொண்ணா இடம் மாறிட்டே இருக்கு. விண்டோஸ் 11ல செட்டிங்ஸ்குள்ள அட்வான்ஸ்டு நெட்வொர்க் போயி கீழ வரைக்கும் உருட்டினாதான் அந்த பழைய ஜன்னலுக்கு வழி கெடைக்கும். எக்ஸ்பி காலத்துல கத்துக்கிட்ட என்சிபிஏ மட்டும் இன்னிக்கும் அப்படியே ஓடுது.

காரணம் ரொம்ப சிம்பிள். சிபிஎல்னு முடியறது கண்ட்ரோல் பேனலோட ஒரு துண்டு, எம்எஸ்சின்னு முடியறது மேனேஜ்மென்ட் கன்சோல்னு சொல்ற நிர்வாக ஜன்னலுக்கான ஃபைல், பெரும்பாலும் எல்லாம் சிஸ்டம்32 ஃபோல்டர்ல உக்காந்திருக்கு. மெனு அந்த ஃபைலுக்கு போற வழி, நீங்க டைப் பண்றது ஃபைலோட பேரு. வழிய எத்தன தடவ மாத்தினாலும் பேரு சொல்லி கூப்பிட்டா வந்துடும். சாஃப்ட்வேர் தூக்கணும்னா ஆப்விஸ் டாட் சிபிஎல் (appwiz.cpl), மெஷின் பாகங்கள ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர பாக்க டெவ்எம்ஜிஎம்டி டாட் எம்எஸ்சி (devmgmt.msc), ஹார்டு டிஸ்க்ல பார்ட்டிஷன் பிரிக்க டிஸ்க்எம்ஜிஎம்டி டாட் எம்எஸ்சி (diskmgmt.msc), மெஷினோட ஜாதகம் முழுக்க வேணும்னா எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32). டெல்லி கம்ப்யூட்டர் மார்க்கெட்டான நேரு பிளேஸ்ல வேலைக்கு சேர்ற பசங்களுக்கு இந்த நாலையும் என்சிபிஏவையும்தான் மொதல்ல சொல்லி குடுப்பேன்.

இதுக்காக மெனுவ குறைச்சு சொல்ல மாட்டேன். பேரே தெரியாத ஒண்ண ரன் பெட்டில தேட முடியாது, ஒரு எழுத்து தப்பினாலும் கிடைக்கலன்னு மெசேஜ் வந்துடும், மெனு அப்படி இல்ல, கண்ணால பாத்துக்கிட்டே போலாம், என்னென்ன இருக்குன்னே அங்கதான் தெரியும். ப்ளூடூத், டிஸ்ப்ளே மாதிரி தினசரி சமாச்சாரத்துக்கு விண்டோஸ் கீயோட ஐ தட்டி செட்டிங்ஸ்குள்ள போயிடுறதுதான் சுலபம். இன்னொண்ணு, விண்டோஸ் ஹோம் எடிஷன்ல குரூப் பாலிசி எடிட்டர தொறக்குற ஜிபிஎடிட் டாட் எம்எஸ்சி (gpedit.msc) கெடையாது. அது தெரியாம நம்ம பசங்க ஸ்பெல்லிங் தப்புன்னு நெனச்சு பத்து தடவ அடிச்சு பாப்பாங்க.

நடுவுல ஸ்டார்ட் மெனு சர்ச் இருக்கு. டிவைஸ்னு பாதி அடிச்சாலே டிவைஸ் மேனேஜர் வந்துடும், சொந்த லேப்டாப்புக்கு இதுவே போதும்னு சொல்வேன். ஆனா இங்க பழைய ஹார்டு டிஸ்க் மெஷின் நிறைய வருது, அதுல சர்ச் சுத்திட்டே இருக்கும், நடுவுல இன்டர்நெட் ரிசல்ட் வேற வந்து கலக்கும். விண்டோஸ் கீயோட எக்ஸ் தட்டினா ஒரு குட்டி மெனு வரும், டிவைஸ் மேனேஜர், டிஸ்க் மேனேஜ்மென்ட், மெஷின்ல நடந்தத பதிவு பண்ணி காட்டுற ஈவென்ட் வியூவர் எல்லாம் அதுலயே இருக்கு, மனப்பாடம் பண்ண பிடிக்காதவங்களுக்கு அது நல்லது.

போன்ல சொல்லி குடுக்குறப்போதான் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சுனு தெரியும். திருச்சில இருக்க சித்தப்பா கூப்பிடுவாரு. மெனு வழியா சொன்னா, "இடது பக்கம் ஒண்ணுமே இல்லடா, நீ சொல்றது எதுவும் காணோம்"னு அரை மணி நேரம் போகும், ஏன்னா அவர் ஸ்கிரீன்ல என்ன தெரியுதுன்னு எனக்கு தெரியாது. இப்போல்லாம் ரன் பெட்டிய தொறக்க சொல்லிட்டு, "நாகப்பட்டினம், சென்னை, பழனி, அம்பத்தூர், ஒரு புள்ளி, மறுபடி சென்னை, பழனி, லால்குடி, மொத எழுத்து மட்டும் அடிங்க சித்தப்பா"ன்னு சொல்லிடுவேன். என்னுக்கும் எம்முக்கும் குழப்பமே வராது. ரெண்டு நிமிஷத்துல ஜன்னல் தொறந்துடும்.

ஆனா இதே சுலபம்தான் திருடங்களுக்கும் வசதியா போச்சு, இத ரொம்ப கவலையோட சொல்றேன். 2024லேர்ந்து ஒரு மோசடி நல்லா பரவிருக்கு. ஏதோ வெப்சைட்ல நீங்க ரோபோ இல்லன்னு நிரூபிக்கணும்னு வரும், விண்டோஸ் கீயோட ஆர் அமுக்கு, கண்ட்ரோல் வி அமுக்கு, என்டர் தட்டுன்னு வரிசையா சொல்லும். உங்களுக்கே தெரியாம அந்த வெப்சைட் காப்பி பண்ணி வச்ச கமாண்டு ஓடி பாஸ்வேர்டு எல்லாம் போயிடும். போன்ல கூப்பிட்டு ஈவென்ட் வியூவர தொறக்க சொல்லி, செவப்பு செவப்பா இருக்க எர்ரர காட்டி பயமுறுத்துற கும்பலும் உண்டு. அந்த எர்ரர் நல்லா ஓடுற மெஷின்லயும் நூத்துக்கணக்குல இருக்கும். மெனு வழியா ஒருத்தர ஏமாத்தணும்னா பத்து கிளிக் பண்ண வைக்கணும், அதுக்குள்ள யாருக்கும் சந்தேகம் வந்துடும், ரன் பெட்டில அந்த அவகாசமே கெடையாது.

அதனால சித்தப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன், அந்த பெட்டில கையால ஒவ்வொரு எழுத்தா அடிக்கலாம், பேஸ்ட் மட்டும் பண்ணவே கூடாது, போன்ல என் குரல தவிர வேற யாரு அத தொறக்க சொன்னாலும் வச்சுடுங்கன்னு. சீட்டுல எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டிருக்காரு.