கான்டெஸாவில் வெபர் 32/36: ஆறு ஆண்டு அனுபவம்

அண்மையில் பழைய கான்டெஸா கார் வாங்கிய நண்பர் ஒருவர், தம் வண்டிக்கும் என்னைப் போல வெபர் கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கருவி) போடலாமா என்று சென்ற வாரம் கேட்டார். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லாததால் எழுதுகிறேன். என்னுடையது 1.8 ஜிஎல்எக்ஸ், 1,817 சிசி இசுசு எஞ்சின். கோயம்புத்தூரில் அன்றாடம் ஓடுகிறது.

முதல் தவறு தேர்விலேயே நேர்ந்தது. பெரியதைப் போட்டால் வேகம் கூடும் என்று நம்பி, காற்று நுழையும் இரண்டு வாய்களும் ஒரே நேரத்தில் திறக்கும் வெபர் 38-ஐப் பொருத்தினேன். நெடுஞ்சாலையில் அது பாய்ந்தது உண்மைதான். ஆனால் காந்திபுரம் சிக்னலில் வண்டி நகரும்போதெல்லாம் திணறியது. இந்த எஞ்சின் 6,000 சுற்றில் முழுமையாக நிரம்பினாலும் நிமிடத்துக்கு இழுக்கக்கூடிய காற்று ஏறத்தாழ 5,450 லிட்டர்தான், நடைமுறையில் அதிலும் குறைவு. இவ்வளவு காற்று இரண்டு பெரிய வாய்களில் பிரிந்து மெதுவாக நுழைந்தால் உறிஞ்சும் விசை போதாமல் பெட்ரோல் சரியாகத் தூவப்படாது. எனவே அதைக் கழற்றிவிட்டு, பழைய 32/36 ஒன்றை வாங்கிப் போட்டேன். அதில் 32 மி.மீ. வாய் முதலில் திறக்கும். அது மூன்றில் இரண்டு பங்கு திறந்த பிறகே 36 திறக்கத் தொடங்கும். மூன்றாவது கியரில் லாரியைத் தாண்டும்போது அந்த இரண்டாவது வாய் திறந்து, எஞ்சினின் குரல் ஆழமாக மாறுவதை இன்றும் ஒவ்வொரு முறையும் காத்திருந்து கேட்கிறேன்.

இவ்வளவு இருந்தும் ஒரு குறை என்னை இரண்டு ஆண்டுகள் வாட்டியது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெல்ல ஓடும் நிலையில், நிற்கும் வண்டியை மெல்ல நகர்த்த ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் அரை நொடி வெறுமை. அதன் பிறகே இழுவை. பட்டறையில் ஒவ்வொரு முறையும் வேகமான ஓட்டத்துக்குப் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டையே மாற்றினார்கள். மைலேஜ் குறைந்ததே தவிர அந்த வெறுமை போகவில்லை. நகரத்தில் நாம் ஓட்டும் மென்மையான ஓட்டத்தின் பெரும்பகுதியில் மெயின் ஜெட்டுக்கு வேலையே இல்லை, அது மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் ஐடில் ஜெட்டின் ஆட்சி என்பதை எவரும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு காலை நானே ஸ்க்ரூடிரைவருடன் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணினேன். ஐடில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பீடு ஸ்க்ரூ, லிவரைத் தொட்ட இடத்திலிருந்து இரண்டரைச் சுற்று உள்ளே போயிருந்தது; ஒன்றரையைத் தாண்டக் கூடாது. ஐடிலில் சேரும் பெட்ரோலின் அளவை மாற்றும் மிக்ஸ்சர் ஸ்க்ரூ மூன்றரைச் சுற்று வெளியே இருந்தது. இரண்டு சுற்றுக்கு அருகிலேயே எஞ்சின் சீராக ஓட வேண்டும். பொருள் தெளிவாகிவிட்டது. ஐடில் ஜெட் சிறியது. அந்தப் பஞ்சத்தை ஈடுகட்ட யாரோ காற்றுவழியை மூடித் திறக்கும் த்ராட்டில் தகட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள். தகடு ஏற்கெனவே திறந்திருந்ததால், நகரும்போது பெட்ரோல் தர வேண்டிய சிறு துளைகள் ஐடிலிலேயே பயன்பட்டுத் தீர்ந்துவிட்டன. 55 எண் ஐடில் ஜெட்டைக் கழற்றி (எண் கூடினால் துளை பெரிது) 60 போட்டு, ஸ்பீடு ஸ்க்ரூவை முக்கால் சுற்றுக்குக் கொண்டுவந்தேன். அன்று மாலை முதல் கியரில் வண்டி வெண்ணெய்யாக நகர்ந்தது. குன்னூர் ஏறும்போது மட்டும் காற்று மெலிந்து கலவை அடர்த்தியாகி ஐடில் சற்றுக் குலுங்கும். அது இயல்பு என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு பெட்ரோல் பங்க்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்தது. சுத்தப் பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இ20-க்கு ஏறத்தாழ 13.5 போதும். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் தேவை. சென்சார் உள்ள வண்டி அதைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு ஜெட்டின் துளை மட்டுமே தெரியும். ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் காப்பிப்பொடி நிறத்திலிருந்து வெளுத்துப் போனது; பெட்ரோல் போதவில்லை என்பதன் அடையாளம் அது. நான் ஒழித்துவிட்டதாக எண்ணிய அதே வெறுமையும் திரும்பி வந்தது. மெயின் ஜெட்டை 140-இலிருந்து 145 ஆக்கியதும் மேல்வேக ஓட்டம் சரியானது. ஐடிலுக்கு 65 போட்டால் நகரத்தில் புகைகிறது, 60-இல் திணறுகிறது. இப்போது 60-உடன்தான் ஓட்டுகிறேன், கோபத்துடன்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம். வண்டியுடன் வந்த கார்புரேட்டரையே சுத்தம் செய்து, புதிய கேஸ்கெட் போட்டு ஓட்டுங்கள். என்னுடைய 32/36-ஐ விலைக்குக் கேட்டுவிடாதீர்கள். அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது.