யாழ்ப்பாணத்துக்குப் பறக்கத் திருச்சியா, சென்னையா?

பலாலியிலுள்ள யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையம் 2019 அக்டோபரில் திறக்கப்பட்ட காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து அங்கே பறக்கச் சென்னையை விட்டால் வேறு வழியில்லை. 2025 மார்ச் இறுதியில் இண்டிகோ நிறுவனம் திருச்சியிலிருந்தும் சேவையைத் தொடங்கியது. எது மேல் என்ற கேள்வி அதன் பிறகுதான் எழுந்தது.

நேர்கோட்டில் அளந்தால் சென்னைக்கும் பலாலிக்கும் இடையே ஏறத்தாழ 355 கிலோமீட்டர், திருச்சிக்கும் பலாலிக்கும் இடையே ஏறத்தாழ 185 கிலோமீட்டர். தூரம் பாதியாகக் குறைந்தாலும் நேரம் பாதியாகக் குறைவதில்லை. சென்னையிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் என்றால் திருச்சியிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரம் ஒன்றே காட்டுவதால், பயணச்சீட்டிலுள்ள புறப்பாட்டு நேரத்தை வருகை நேரத்திலிருந்து அப்படியே கழித்து இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதற்குக் காரணம் எளிது. இத்தடங்களில் பறக்கும் ஏடிஆர் 72 விமானம் இரட்டை விசிறி கொண்டது. அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். அந்த வேகத்திலேயே முழுத் தூரத்தையும் கடந்தால் திருச்சியிலிருந்து 22 நிமிடமும் சென்னையிலிருந்து 43 நிமிடமும் போதும். ஆனால் அட்டவணை நேரம் என்பது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து மறுமுனையில் வந்து நிற்கும் வரையிலான கணக்கு ஆதலால், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், வேகத்தைக் குறைத்து ஓடுபாதைக்கு நேராக வந்து இறங்குவதும் அதில் அடங்கிவிடுகின்றன. தூரம் குறைந்தாலும் இந்த நிமிடங்கள் குறைவதில்லை.

வானில் மிச்சமாகும் கால்மணி நேரத்துக்காக மட்டும் திருச்சியைத் தேர்வது பொருளற்றது என்பதே என் கருத்து. தரைவழியில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. வெளிநாட்டுப் பயணம் என்பதால் எந்த நிலையத்திலும் மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்துவிடச் சொல்கிறார்கள். தஞ்சாவூர்க்காரருக்குத் திருச்சி விமான நிலையம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். காலையில் வீட்டில் சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம். அவரே சென்னை வழியாகச் செல்வதானால், முந்தைய இரவே பேருந்திலோ ரயிலிலோ ஏறியாக வேண்டும். சென்னைவாசிக்கோ இது தலைகீழ். 330 கிலோமீட்டர் தெற்கே வந்து திருச்சியில் விமானம் ஏறுவது வீண் அலைச்சல்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருவோருக்குப் போகுமிடமே தீர்மானிக்கும். வேலூருக்கு மருத்துவத்துக்கு வருபவருக்கும், மேலை நாடுகளுக்கு விமானம் மாறுபவருக்கும் சென்னையே ஏற்றது. ஸ்ரீரங்கம், தஞ்சை, மதுரை என்று கோயில்களைத் தரிசிக்க வருபவர் திருச்சியில் இறங்கினால் ஒரு நாள் மிச்சமாகும். சிதம்பரத்துக்கும் திருச்சியே அருகில்.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலையும் சிலர் இதோடு ஒப்பிடுவதுண்டு. கடல்வழி சுமார் 110 கிலோமீட்டர்தான் என்றாலும் கடக்க நான்கு மணி நேரம் வரை ஆகும். கடல் கொந்தளிக்கும் பருவத்தில் கப்பல் புறப்படுவதே உறுதியில்லை. நேரம் முக்கியமென்றால் அதை விட்டுவிடலாம்.