7-14: ஒரே கணக்கு, இரண்டு தீர்ப்பு

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளரை மாற்றலாமா வேண்டாமா என்ற சண்டை, ஏப்ரல் கடைசி வந்தால் ஏதாவது ஓர் ஊரில் சூடுபிடித்துவிடும். அதை அலச மிசிசிப்பியைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒரே மாநிலத்தில் இரண்டு பரம வைரிகள்: ஆக்ஸ்ஃபோர்ட் ஊரில் ஓல் மிஸ் என்று அழைக்கப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழகம், ஸ்டார்க்வில்லில் மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகம். இரண்டும் எஸ்இசி என்ற தென்கிழக்கு மாநிலக் கல்லூரிகளின் லீக்கில் ஆடுகின்றன. 2021இல் ஸ்டேட் தேசியச் சாம்பியன், 2022இல் ஓல் மிஸ்.

இரண்டு அணிகளுமே, வெவ்வேறு ஆண்டுகளில், லீக்கில் 7 வெற்றி 14 தோல்வி என்ற அதே பள்ளத்தில் விழுந்தன. ஓல் மிஸ் 2022 மே தொடக்கத்தில், ஸ்டேட் 2025 ஏப்ரல் கடைசியில். ஓல் மிஸ் தன் பயிற்சியாளரை வைத்துக்கொண்டது. ஸ்டேட் அனுப்பிவிட்டது.

எஸ்இசியில் வாரக் கடைசிக்கு மூன்று ஆட்டம் வீதம் பத்து வாரம், மொத்தம் 30 ஆட்டம். 7-14 என்றால் ஏழு வாரம் போய்விட்டது, மூன்றுதான் பாக்கி. 64 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்குள் நுழைய, இந்த லீக்கில் பாதிக்குப் பாதியை ஒட்டியாவது முடிக்க வேண்டும். இனி அநேகமாக எல்லா ஆட்டமும் ஜெயித்தாக வேண்டிய நிலை.

முதலில் ஓல் மிஸ். மைக் பியாங்கோ 2001 சீசனிலிருந்து அங்கே பயிற்சியாளர். வருடா வருடம் நல்ல அணிதான். ஆனால் தேசியப் போட்டியின் கடைசிக் கட்டம் நடக்கும், எட்டு அணிகள் மட்டும் போகும் ஓமஹா நகரை அதுவரை 2014இல் ஒரே ஒருமுறைதான் எட்டியிருந்தார். ‘நல்ல கோச்தான், ஆனா கடைசிப் படி ஏறமாட்டார்’ என்பது பழகிப்போன புலம்பல். 2022 மார்ச்சில் தரவரிசையில் முதலிடம் வரை போன அணி மே மாதத்தில் 7-14க்கு வந்ததும் அந்தப் புலம்பல் ‘போதும், கிளம்பட்டும்’ என்றானது. நிர்வாகம் அசையவில்லை. அணி 14-16 என்று முடித்து, 64 அணிகளில் கடைசியாக உள்ளே வந்த சிலவற்றுள் ஒன்றாகத் தொற்றிக்கொண்டது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை: 11 ஆட்டங்களில் 10 வெற்றி, இறுதியில் ஓக்லஹோமாவை 10-3, 4-2 என்று வீழ்த்திக் கோப்பை.

ஸ்டேட் கதை தலைகீழ். கிறிஸ் லெமோனிஸ் 2018இல் வந்தார், 2019இல் ஓமஹா, 2021இல் கோப்பை. அந்தக் கல்லூரி எந்தக் குழு விளையாட்டிலும் வென்ற முதல் தேசியப் பட்டம் அது. அடுத்த இரண்டு ஆண்டும் லீக்கில் 9-21, 9-21. 2024இல் 17-13 என்று நிமிர்ந்து தேசியப் போட்டிக்குள் போனார்கள். 2025இல் மறுபடி சரிவு. 7-14 ஆனதும் ஏப்ரல் 28 அன்று, சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே, அனுப்பிவிட்டார்கள்.

இந்த இரண்டு முடிவுகளையும் ‘பொறுமை, அவசரம்’ என்று பிரித்துப் பேசுவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. 7-14 என்ற எண்ணுக்கு முந்தைய வருடங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம். பியாங்கோவுக்கு அதற்கு முந்தைய ஆண்டு லீக்குக்கு வெளியே ஆடியதையும் சேர்த்து 45 வெற்றி, ஓமஹாவுக்கு ஒரு படி கீழே வரை போன அணி. அவருக்கு அது ஒரு மோசமான இரண்டு மாதம். லெமோனிஸுக்கோ நாலு வருடத்தில் மூன்றாவது சரிவு. இரண்டு பேருக்கும் ஒரே தீர்ப்பு சொல்லியிருந்தால்தான் அநியாயம்.

கோப்பை வென்றவரை நாலே வருடத்தில் அனுப்புவதா என்று ஸ்டேட் ரசிகர்களிலேயே சிலர் கேட்டிருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கோப்பை வாங்கிக் கொடுக்கும் அவகாசத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பட்டத்துக்குப் பின் வந்த நாலு சீசனில் ஒன்றுதான் உருப்படி.

ஓல் மிஸ் தரப்புக்கும் ஒரு குத்தல் இருக்கிறது. வைத்துக்கொண்டதற்குப் பரிசு கோப்பை, சரி. அதற்கு அடுத்த ஆண்டு 6-24. அதற்கடுத்து 11-19. 2023 ஏப்ரலில் ஸ்டார்க்வில்லில் இவ்விரு அணிகளும் மோதிய ஓர் ஆட்டத்துக்கு 16,423 பேர் வந்தார்கள், கல்லூரி வளாக மைதானங்களில் அதுவரை இல்லாத கூட்டம். பார்க்க வந்தது லீக்கின் அடிமட்டத்தில் கிடந்த, முந்தைய இரண்டு ஆண்டுகளின் சாம்பியன்களை! அப்போதும் பியாங்கோவை மாற்றவில்லை. 2025இல் மொத்தம் 43 வெற்றி, லீக் ஆட்டங்கள் முடிந்ததும் நடக்கும் எஸ்இசி தொடரின் இறுதி ஆட்டம், சொந்த ஊரில் ரீஜனல் என்ற தேசியப் போட்டியின் முதல் கட்டம். அங்கே மர்ரே ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியிடம் தோற்று வெளியேறினார்கள். ஆக, அந்தப் பொறுமை ஜெயித்தது என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லவும் முடியாது, வீண் என்று தள்ளவும் முடியாது.

ஸ்டேட்டில் லெமோனிஸ் போனதும் பந்து எறிபவர்களுக்கான (பிட்சிங்) பயிற்சியாளர் ஜஸ்டின் பார்க்கர் இடைக்காலமாகப் பொறுப்பேற்றார். மீதி ஒன்பது லீக் ஆட்டங்களில் எட்டு வெற்றி, 15-15, தேசியப் போட்டியில் இடம். ‘பார்த்தீர்களா, மாற்றியதும் நடந்துவிட்டது’ என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: எதிரணிகளில் அந்த ஆண்டு 3-27 என்று முடித்த மிசௌரியும் ஒன்று. அதோடு மூன்று வாரத்தை வைத்து பேஸ்பாலில் எதையும் நிரூபிக்க முடியாது. 2022 ஓல் மிஸ்ஸும் யாரையும் மாற்றாமலேயே நிமிர்ந்ததே.

மாற்றத்தின் உண்மையான லாபம் அடுத்து வருபவரில் இருக்கிறது. ஸ்டேட்டுக்கு வந்தவர் பிரையன் ஓகானர். வர்ஜீனியாவில் 22 சீசன், 2015இல் தேசியப் பட்டம். ஜூன் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டார்கள். பயிற்சியாளர் மாறினால் வீரர்கள் வேறு கல்லூரிக்குத் தாவத் தனி அவகாசம் கிடைக்கிற காலம் இது. நாற்காலி காலியாக இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆட்கள் கழன்றுகொள்ளும் நாள்தான். ஏப்ரலிலேயே முடிவெடுத்ததால் மே முழுவதும் ஆள் தேட முடிந்தது. சீசன் நடுவே அனுப்பியதற்கு நான் ஏற்கும் ஒரே காரணம் இதுதான்.

ஆனால் எல்லாருக்கும் ஓகானர் கிடைப்பாரா? 2024இல் டெக்சஸ் பல்கலைக்கழகம், தன் பயிற்சியாளர் டேவிட் பியர்ஸை விட்டுவிட்டு ஜிம் ஷ்லாஸ்நேகிளை டெக்சஸ் ஏ அண்ட் எம்மிடமிருந்து தூக்கியது. ஏ அண்ட் எம் தேசிய இறுதியில் தோற்ற கையோடு. டெக்சஸ் அடுத்த ஆண்டே எஸ்இசி லீக்கில் முதலிடம். ஆளைப் பறிகொடுத்த ஏ அண்ட் எம் தன் பேட்டிங் பயிற்சியாளரை உயர்த்தி, சீசனுக்கு முன் தரவரிசையில் முதலிடத்தில் தொடங்கி, தேசியப் போட்டிக்கே போகவில்லை. பணமும் பெரிய மைதானமும் இருக்கிற கல்லூரி மாற்றலாம். இல்லாத கல்லூரி மாற்றினால், இருப்பவரைவிடச் சுமாரான ஒருவரைத்தான் பெரும்பாலும் பிடிக்க முடியும். என் கையில் அப்படியொரு நடுத்தரக் கல்லூரி இருந்து, 7-14 என்று நின்று, பயிற்சியாளருக்கு அது முதல் சரிவாகவும் இருந்தால் தொடமாட்டேன். மூன்றாவது என்றால், அழைத்தால் வரக்கூடியவர்கள் யார் என்று முதலில் சத்தமில்லாமல் விசாரிப்பேன். ஒருவர்கூடத் தேறவில்லை என்றால் இருப்பவரே இன்னொரு வருடம் இருக்கட்டும்.