மாடி எடுத்து வாடகைக்கு விடலாம் என்று சொல்லி வருபவர்களிடம் கவனம்

மதுரையில் எங்கள் அப்பா அம்மா இருக்கும் வீட்டின் மேல் ஒரு மாடி எடுத்துத் தருவதாகச் சொன்ன கான்ட்ராக்டர், 17 லட்சம் வாங்கிக்கொண்டு பாதியில் போய்விட்டார். அதைவிடப் பெரிய கவலை, நன்றாக இருந்த கீழ் வீடும் இப்போது விரிசல் விட்டிருப்பதுதான். பணி ஓய்வில் வந்த பணத்தை மாடியில் போடலாமா என்று யோசிப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

அவர் கட்டடத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. கணக்கைத்தான் பேசினார். 1,000 சதுர அடி, சதுர அடிக்கு 2,100 ரூபாய், ஆக 21 லட்சம். வாடகை மாதம் 15,000 வரும். "பேங்க்ல போட்டா என்னங்கய்யா வட்டி வந்துரும்? இது மாசாமாசம் கையில வரும், வீட்டு மதிப்பும் ஏறும்" என்றார். கணக்குப்படி எட்டரை சதவீதம் வருமானம். அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. யாருக்குமே படும்.

அந்த 2,100 ரூபாய்க்குள் எது அடங்கும் என்று ஒரு தாளிலும் எழுதித் தரவில்லை. வெளிப்படிக்கட்டு, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், மேலே ஓடு பதிப்பது, தண்ணீர்த் தொட்டி, மாடிக்குத் தனி கரண்ட் இணைப்பு என்று ஒவ்வொன்றும் வேலை தொடங்கிய பிறகு "எக்ஸ்ட்ரா" ஆனது. எல்லாம் சேர்த்தால் 26 லட்சம் தொடும். எங்கள் தெருவில் இதே அளவு மாடி வீட்டுக்கு வாடகை 10,000 தான். அப்படியென்றால் ஐந்து சதவீதம்கூடத் தேறாது. வீட்டு வரி, பெயின்ட், ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் அதிலிருந்து போக வேண்டும். உங்களிடம் யாராவது வாடகைக் கணக்கு சொன்னால், முதலில் உங்கள் தெருவிலேயே விசாரியுங்கள்.

அடுத்து அஸ்திவாரம். எங்கள் வீட்டின் முன்பாதி பில்லர் வைத்துக் கட்டியது. பின்னால் இருக்கும் சமையலறையும் ஓர் அறையும் வெறும் செங்கல் சுவர் மேல் நிற்பவை. இரண்டும் ஒரே சுமையைத் தாங்காது. பின்பக்கம் ஒரு மூலையில் குழி தோண்டி, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று பார்த்திருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும். "நான் பார்க்காத வீடாங்கய்யா" என்று சொல்லிவிட்டு, முழு வீட்டின் மேலும் சுவர் ஏற்றினார். மொட்டை மாடியில் பின்னாளுக்காக நீட்டி விட்டிருந்த பில்லர் கம்பிகள் பல வருடம் மழையில் நனைந்து துருப்பிடித்து, தொட்டால் ஏடு ஏடாக உதிர்ந்தன. துருவைச் சுரண்டிக்கூட எடுக்காமல் அதோடு புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்டி கான்கிரீட் போட்டார்கள்.

மேல் தளம் போட்ட கொஞ்ச நாளில் சமையலறை ஜன்னலின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு கிளம்பியது. முதலில் முடி அளவுதான். பிறகு அம்மாவின் வளையல் விளிம்பு நுழையும் அளவுக்கு விரிந்தது. பின்கதவு நிலையில் இடித்துக்கொண்டு மூட மறுத்தது. கான்ட்ராக்டர் பட்டி வைத்துப் பூசிவிட்டு, "பூச்சு வெடிப்பும்மா, எல்லா வீட்லயும் வர்றதுதான்" என்று அம்மாவிடம் சொன்னார். நாங்களாகக் கூட்டிவந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்ததும், பின்பக்கம் மட்டும் கீழே இறங்குகிறது என்றார். ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாகப் போகும் விரிசலைப் பூச்சு வெடிப்பு என்று யார் சொன்னாலும், இன்ஜினியர் பார்க்கும்வரை நம்பாதீர்கள். பூச்சு வெடிப்பு வலைபோல மேலாக இருக்கும். இது சுவரின் உள்ளே போகும்.

கம்பியிலும் ஏமாற்று. 12 எம்எம் கம்பி என்று பில் காட்டினார். தளத்தில் மிச்சம் கிடந்த முழுக் கம்பி ஒன்றைப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தோம். 9 கிலோ சொச்சம்தான் காட்டியது. இதைச் சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. கம்பியின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 எம்எம்முக்கு 0.89 கிலோ. 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பி 10.6 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், ஏறக்குறைய 600 கிராமுக்கு மேல் குறையக் கூடாது. லாரியிலிருந்து இறக்கும்போதே ஒன்றை எடை போட்டுவிடுங்கள்.

தளத்துக்கு அடியில் கொடுத்த முட்டுகளையும் வேறு சைட்டுக்கு வேண்டும் என்று சீக்கிரமே பிரித்துக்கொண்டு போனார்கள். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதிப்படி, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு குறைந்தது 7 நாள் இருக்க வேண்டும், அதற்கு மேல் என்றால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள். இதைக் கேட்டதற்கு, எங்களுக்கு வேலை சொல்லித் தருகிறீர்களா என்று மேஸ்திரி சண்டைக்கு வந்தார்.

பணம் வாங்கிய முறையைக் கவனியுங்கள். அட்வான்ஸ், பில்லர், லிண்டல், தளம் என்று தவணை பிரித்திருந்தார். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் தளம் போட்டு முடிக்கும்போது மொத்தத்தில் 80 சதவீதம் அவர் கைக்குப் போயிருந்தது. பூச்சு, வயரிங், பிளம்பிங், டைல்ஸ், கதவு ஜன்னல், பெயின்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான். செலவில் ஏறக்குறைய பாதி அங்கேதான் இருக்கிறது. மீதி 20 சதவீதத்துக்காக அந்த வேலையைச் செய்ய எந்தக் கான்ட்ராக்டருக்கும் மனசு வராது. போனை எடுப்பதை நிறுத்தினார், அப்புறம் ஆளே வரவில்லை. தவணை ஒவ்வொன்றும் முடிந்த வேலைக்குப் பின்னால் வர வேண்டும். கடைசித் தவணை அவருக்கு வலிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும்.

பிளான் அப்ரூவலுக்கு என்று தனியாக 60,000 வாங்கினார். விண்ணப்பமே போடவில்லை. மீதி வேலைக்கு லோன் கேட்டு பேங்க்குக்குப் போனபோதுதான் இது தெரிந்தது. அனுமதி இல்லாத மாடிக்கு லோன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நாளைக்கு விற்கப் போனாலும் வாங்குபவரின் பேங்க் அந்த மாடியை மதிப்பில் சேர்க்காது. வீட்டு மதிப்பு ஏறும் என்று அவர் சொன்னதற்கு அங்கேயே அடி விழுந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டும் வீடுகளுக்கு இணையத்தில் சுயசான்று முறை, அதாவது விதிப்படி கட்டுகிறோம் என்று நாமே சான்று கொடுத்து அனுமதி வாங்கும் முறை இருக்கிறது. உங்கள் வீடு அதற்குள் வருமா என்று உரிமம் பெற்ற பொறியாளரிடம் நேராகக் கேளுங்கள். அனுமதி உங்கள் கைக்கு வராமல் ஒரு செங்கல்கூட மேலே ஏறக் கூடாது.

இன்னொன்று, அவர் கொஞ்சத்தை ரொக்கமாகக் கேட்டார். அப்பா பேங்க் வழியாகவே கொடுத்தார், அதுதான் இன்று எங்களைக் காப்பாற்றுகிறது. வீட்டை விற்கும்போது கூடுதல் கட்டடச் செலவை அடக்க விலையில் சேர்த்து வரியைக் குறைக்கலாம். அதற்கும் பில் வேண்டும்.

ரெராவில் புகார் கொடுங்கள் என்று பலர் சொன்னார்கள். அது மனை, அடுக்ககம் விற்பவர்களுக்கான சட்டம். நம் சொந்த வீட்டில் வேலை எடுத்தவர்மேல் போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை அங்கேயே போகலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. இன்ஜினியரின் எழுத்துபூர்வமான அறிக்கை, தேதி தெரியும் படங்கள், வாட்ஸ்அப் பேச்சு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.

வழக்கு நடப்பதால் அவர் பெயரை இங்கே எழுத முடியாது. மதுரைப் பக்கம் இதே வாடகைக் கணக்கோடு யாராவது உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். எங்கள் சமையலறைச் சுவரை நேரில் வந்து பார்க்கலாம், இன்ஜினியர் அறிக்கையையும் காட்டுகிறேன்.