சிஸ்பிளாட்டினும் சிறுநீரகமும்: மஞ்சள் மாத்திரையா, மக்னீசியம் டிரிப்ஸா?

புற்றுநோய்க்குத் தரும் பிளாட்டினம் சேர்ந்த கீமோ மருந்தான சிஸ்பிளாட்டினை ஏற்றிக்கொள்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சிறுநீரகம் அடிவாங்குகிறது. அங்குள்ள நுண்குழாய்ச் செல்கள் ஓசிடி2 என்ற வாயில் வழியாக மருந்தை உள்ளிழுத்துச் சேர்த்துவைக்கின்றன. உள்ளே போன பிளாட்டினம், செல்லைக் காக்கும் ஆன்டிஆக்ஸிடன்டான குளூட்டாதயோனைத் தீர்த்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறது. ஆக்சிஜனேற்றச் சேதம் என்பதால்தான் தாவர ஆன்டிஆக்ஸிடன்ட்கள் மேல் இத்தனை நம்பிக்கை.

எலிகளிடம் ஏறக்குறைய எல்லாமே பலித்திருக்கிறது: மஞ்சளின் குர்குமின், மில்க் திஸில் செடியின் சிலிமரின், வெங்காயத்தில் உள்ள குவர்செட்டின், கருஞ்சீரகத்தின் தைமோகுயினோன். ஆனால் வழக்கமான எலிச் சோதனையில் கட்டியே கிடையாது. பாதுகாப்புப் பொருளை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, ஒரே ஊசியில் சிஸ்பிளாட்டின். சில நாளில் கணக்கு முடிந்துவிடும். நோயாளிக்கோ சுற்றுச் சுற்றாக மருந்து. சிறுநீரகத்தைக் காக்கும் பொருள் கட்டியையும் சேர்த்துக் காக்குமா என்று கட்டியில்லாத எலியிடம் கேட்க முடியாது.

குர்குமினுக்குக் கணக்குப் போடுவோம். எலிக்குக் கிலோவுக்கு 200 மி.கி. என்றால், மனித அளவுக்கு மாற்ற 6.2-ஆல் வகுக்க வேண்டும். 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 1.9 கிராம். மஞ்சள்தூளில் குர்குமின் 3 சதவீதம் போல. அப்படியென்றால் தினம் 60 கிராமுக்கு மேல் தூள்! குழம்பில் போடும் மஞ்சளால் நன்மையும் இல்லை, பயமும் இல்லை. மாத்திரையில் உறிஞ்சுதலைக் கூட்ட மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். அது மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியைத் தடுக்கும். கூடவே டோசிடாக்செல் என்ற இன்னொரு கீமோ மருந்தும் ஏறினால் அதன் அளவு ரத்தத்தில் எகிறக்கூடும். மஞ்சளில் கரையும் ஆக்சலேட்டும் அதிகம், அளவு மிஞ்சினால் அதுவே சிறுநீரகத்துக்குச் சுமை.

சிலிமரினை நோயாளிகளுக்கே தினம் 420 மி.கி. கொடுத்துப் பார்த்த சிறிய சோதனையில் பாதுகாப்பு கிடைக்கவில்லை. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, சிறுநீரகத்தைக் காக்கும் அமிஃபோஸ்டின் என்ற மருந்து வேலை செய்யும். ஆனால் ரத்த அழுத்தம் விழும், வாந்தி கடுமை.

மிஞ்சுவது சலைன் பாட்டில். கீமோவுக்கு முன்னும் பின்னுமாகச் சுமார் 2 லிட்டர் நார்மல் சலைன் (உப்புநீர்), அதில் 1 முதல் 2 கிராம் மக்னீசியம் சல்பேட். சிறுநீர் மணிக்கு 100 மி.லி. அளவில் இறங்க வேண்டும். மக்னீசியம் குறைந்தால் ஓசிடி2 வாயில்கள் பெருகி, பிளாட்டினம் இன்னும் அதிகமாக உள்ளே போகிறது. இதுவும் விலங்குச் சாட்சியம்தான். வித்தியாசம், மக்னீசியம் கொடுத்த நோயாளிகளிடமும் பாதிப்பு குறைந்திருக்கிறது. இதயம் பலவீனமானவர்களுக்கு மட்டும் நீர் தேங்கும். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்க வேண்டும்.

காரியம் பெரும்பாலும் கெடுவது வீட்டில்தான். இரண்டாம் நாளிலிருந்து வாந்தி, தண்ணீர் இறங்காது, வலிக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் எந்த மூலிகையும் ஈடுகட்டாது. குடிக்க முடியவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப்ஸ் போட்டுக்கொள்வது நல்லது. கஷாயம் குடிப்பவர்கள் சேர்மானத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அரிஸ்டோலோகிக் அமிலம் உள்ளவை. அந்த அமிலம் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைப்பதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். அடுத்த சுற்றுக்கு முன், ரத்தப் பரிசோதனையில் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினோடு மக்னீசியம், பொட்டாசியத்தையும் எழுதித்தரச் சொல்லுங்கள். பல இடங்களில் மக்னீசியம் விட்டுப்போகிறது.